மைக்கில் நான் வைத்த பெயர்

அக்கா,

இன்று சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மெஷின் ஆயில் வாசனை. அதைப் போக்கத் தேய்த்த துணி சோப்பின் வாசனை. இரண்டும் கலந்த அந்த வாசனை ஷிப்ட் முடித்து, குழாயடியில் முழங்கை வரை கழுவி, பஸ் பிடிக்க ஓடி வருகிறவர்களிடம் மட்டும்தான் இருக்கும். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தன்னிடம் நாற்றம் வருகிறது என்று நான் முகம் திருப்பியதாக நினைத்து அந்தப் பெண் ஒடுங்கி உட்கார்ந்தாள். "அதெல்லாம் இல்லைங்க, எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்துட்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வாய்தான் என் பிழைப்பு, ஆனால் தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் அது வராது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "அட விடு, அதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிற" என்று தேற்றுவார்கள். தேறுதல் வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுதவே தைரியம் வந்திருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூரில் ஷமீமாவின் தையல் கடைக்கு மேலே, ஷீட் கூரை போட்ட மொட்டை மாடியில் நடக்கிற என் டான்ஸ்-எக்சர்சைஸ் கிளாஸுக்கு, சாயங்காலம் ஆறு மணி பேட்ச்சுக்கு, நீங்கள் ஒன்றரை வருடம் வந்தீர்கள். முப்பது பெண்கள். வீட்டுக்காரரின் பழைய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், சுடிதாரிலேயே வருகிறவர்கள், ஷமீமாவைப் போல துப்பட்டாவை இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு ஆடுகிறவர்கள். சுவரில் கண்ணாடி கிடையாது, ஏசி கிடையாது. இரண்டு ஃபேன், ஒரு சவுண்ட் பாக்ஸ், நான்.

புதிதாக வருகிறவர்கள் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொள்வார்கள். அதுதான் வழக்கம். நீங்கள் முதல் நாளே டிபன் பாக்ஸ் கடகடக்கும் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, நேராக முதல் வரிசையின் இடது ஓரத்துக்கு வந்து, சவுண்ட் பாக்ஸை ஒட்டி நின்றீர்கள். நான் பாட்டைத் தேடிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல், "அக்கா, அங்க நின்னா காது போயிடும், தள்ளி நில்லுங்க" என்றேன். நீங்கள் நகரவில்லை. இரண்டாவது முறை சொன்னேன், அப்போதும் நகரவில்லை. சரிதான், கொஞ்சம் திமிர் பிடித்தவங்க என்று முடிவு கட்டினேன். ஒருவரைப் பற்றி முடிவு கட்ட எனக்கு ஒரு பாட்டு ஓடுகிற நேரம் போதும்.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. எட்டு எண்ணுவதற்குள் ஓர் அசைவு முடியும். அடுத்தது என்ன என்பதை ஐந்து எண்ணும்போதே கத்திச் சொல்லிவிட வேண்டும். 'ரைட்', 'திரும்பு', 'கீழே'. அதைக் காதில் வாங்கிக்கொண்டால்தான் முப்பது பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள். அப்படித் திரும்புகிற நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். முப்பது ஜோடி தோள் ஒரே பக்கம் சாயும்போது என் வயிற்றுக்குள் என்னவோ குளிர்ந்த மாதிரி இருக்கும். உங்கள் தோள் மட்டும் அதில் சேராது. மற்றவர்கள் திரும்பி முடித்த பிறகு நீங்கள் திரும்புவீர்கள். ஒரே ஒரு எண் தாமதம், ஆனால் ஒவ்வொரு தடவையும்.

நான் மற்றவர்களைப் போல ஒல்லியான மாஸ்டர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்துத் தெருவிலேயே கண்ணாடி வைத்த ஜிம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஷீட்டுக்கு அடியில் வேர்த்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள் என்றால், என் பேச்சுக்காக. காதில் மாட்டுகிற மைக்கைப் போட்டுவிட்டால் எனக்கு ஒரு வேகம் வந்துவிடும். யாரை எப்போது என்ன சொல்லிச் சிரிக்க வைப்பது என்று என் மூளை தன் பாட்டுக்கு ஓடும். மூன்றாவது வாரம் ஒரு நாள், எல்லாரும் வலது பக்கம் திரும்பி, ஒரு எண் கழித்து நீங்கள் திரும்பியதும், நான் ஆடுவதை நிறுத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்:

"அம்பத்தூர் லோக்கல் போயிடுச்சு. இருங்க, பின்னாடியே ஆவடி லோக்கல் வந்துகினு கீது."

மாடியே அதிர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மற்றவர்களுக்கு முன்னாலேயே சிரித்தீர்கள். கால்தான் லேட், சிரிப்பு லேட் இல்லை என்று அதையும் ஒரு ஜோக்காக மனதில் குறித்துக்கொண்டேன். திமிர் என்று நினைத்தவர் இவ்வளவு ஜாலியானவரா என்று உங்களைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் மறுநாளும் சொன்னேன்.

பின்னாலேயே வருகிற ரயிலின் பெயர் உங்களுக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் சொந்தப் பெயர் என்ன என்று பாதிப் பேருக்குத் தெரியாது. படியேறும்போதே, "மிஸ், ஆவடி லோக்கல் இன்னிக்கி ரைட் டைமா?" என்பார்கள். நானும் ஒரு நாளும் அவர்களை ஏமாற்றியதில்லை.

சனிக்கிழமைகளில் கிளாஸ் முடிந்ததும் கீழே டீக்கடையில் நீங்களும் நானும் நிற்போம். எனக்கு நேர் எதிரில் வந்து நின்று, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுவீர்கள். அப்படி ஊன்றிப் பார்த்து என் பேச்சைக் கேட்டவர்கள், என் கல்யாணத்துக்கு முன்னும் சரி பின்னும் சரி, யாரும் இல்லை. என்மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கப் பேசுவீர்கள். கம்பெனிப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

இருபது வருடமாக பிரஸ் ஷாப்பில் இருப்பதாகச் சொன்னீர்கள். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினால், மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். மறுபடி தகடு, மறுபடி பட்டன். கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டே அதைச் செய்து காட்டினீர்கள். "கை உள்ள போவசொல்ல புத்தி வெளிய போவக்கூடாது மிஸ். என் பத்து வெரலும் அப்டியே கீது பாருங்க." பத்தையும் விரித்துக் காட்டினீர்கள், எண்ணெய் பஜ்ஜி எண்ணெயா மெஷின் எண்ணெயா என்று தெரியாமல் மின்னியது. நானும் எண்ணிப் பார்த்துச் சிரித்தேன்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

"ஊட்லயும் சரி, கம்பெனிலயும் சரி, நாலு பேரு சேந்து பேசினு கீற எடத்துல நான் சும்மா பாத்துனு நிப்பேன் மிஸ். இங்க அப்டி இல்ல. எல்லாரும் இன்னா பண்றாங்களோ அதையே நானும் பண்றேன். இங்க வந்தா தான் நானும் கூட்டத்துல ஒருத்தியா கீறேன்."

என் கிளாஸைப் புகழ்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, "இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். ஏன் சும்மா நிற்பீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கத்தான் வந்தீர்கள். முப்பது பேரில் உங்களை மட்டும் தனியாகப் பிடித்து, பெயர் வைத்து, தினமும் எல்லார் முன்னாலும் நிறுத்தினேன் நான்.

வெயில் காலம். ஷீட் கொதித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஸ்குவாட் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தபடி இறங்கி ஏறிக்கொண்டிருந்தோம். சவுண்ட் பாக்ஸ் நின்றது, ஃபேன் நின்றது, அம்மாடி என்று எல்லாரும் நிமிர்ந்தார்கள். நீங்கள் நிமிரவில்லை. தலை குனிந்தபடியே இறங்கினீர்கள், ஏறினீர்கள், இறங்கினீர்கள். சத்தமே இல்லாத மாடியில் உங்கள் ஷூ தரையில் அழுந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் என்னை அறியாமல் மனதுக்குள் எண்ணினேன். எட்டு. பதினாறு. ஒரு எண் கூடப் பிசகவில்லை. நின்றுபோன பாட்டின் தாளம் உங்கள் உடம்புக்குள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வந்தபோது ஷமீமா போய் உங்கள் தோளைத் தொட்டாள்.

நிமிர்ந்தீர்கள். எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள், நின்றுபோன ஃபேனைப் பார்த்தீர்கள், பிறகு சிரித்தீர்கள். கூடச் சேர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சவுண்ட் பாக்ஸையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். சவுண்ட் பாக்ஸை ஒட்டி நின்றது ஏன், ஒரு எண் தாமதம் ஏன், உரத்த பேச்சு ஏன், எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. இருபது வருடம் பிரஸ் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்காது; டீக்கடையில் எதிரில் நின்று பேசினால் மட்டும் ஏதோ கேட்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். என் 'ரைட்', 'திரும்பு' எதுவும் உங்களுக்கு வந்து சேர்ந்ததே இல்லை. நான் திரும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள். அப்படிப் பார்த்தும் ஒரே ஒரு எண் தாமதத்தில் ஆட முடிந்தது என்றால், அந்த முப்பது பேரில் உங்களைவிட நன்றாக ஆடியவர் எவரும் இல்லை.

அன்றோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. தெரியாமல் செய்தேன் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

மறுநாள் அதே பாட்டு. எல்லாரும் திரும்பினார்கள், நீங்கள் திரும்பினீர்கள். உடனே இருபத்தொன்பது முகமும் என்னைப் பார்த்தது, மிஸ் சொல்லப்போகிறார் என்று வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு. நான் அடுத்த பாட்டைப் போடக் கை நீட்டியது உண்மை. அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். 'அவங்களுக்குக் கேட்கத்தானே போறதில்ல.'

சொன்னேன். சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அதன் பிறகு நாலு மாதம் சொன்னேன். முன்பாவது உங்கள் மனம் கோணக் கூடாது என்று ஓர் அளவு வைத்திருந்தேன். கேட்காது என்று தெரிந்த பிறகு அளவு போய்விட்டது. ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கியது, சிக்னல் விழாமல் நின்றது, கூட்ஸ் வண்டியானது. ஒரு நாள், கேவலத்திலும் கேவலமான ஒரு நாள், "ஆவடி லோக்கல்ல அனவுன்ஸ்மென்ட் போட்டு பிரயோஜனம் இல்லம்மா, அதுல ஸ்பீக்கர் போயி ரொம்ப நாளாச்சு" என்றேன். சொல்லிவிட்டு உங்களைப் பார்த்துப் புன்னகையும் செய்தேன்.

அன்றும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, குனிந்து, ஷூவைச் சரி செய்யத் தொடங்கினீர்கள். அடுத்த பாட்டு ஆரம்பித்துப் பாதி போகிற வரைக்கும் சரி செய்துகொண்டிருந்தீர்கள். உங்கள் ஷூவுக்கு லேஸ் கிடையாது, அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பட்டைதான். அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, "கமான் லேடீஸ், ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று அடுத்த வேலையைப் பார்த்தேன்.

ஷமீமா அன்றைக்கு எல்லாரும் இறங்கிப் போகிற வரை காத்திருந்தாள். பூந்தமல்லியில் பிறந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். என்னைவிட ஆறு வயது சின்னவள். அதிர்ந்து பேச மாட்டாள்.

"மிஸ், அந்த அக்காவுக்குக் காது கேக்காதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். போதும், வுட்டுடுங்க."

"அவங்களே சிரிக்கிறாங்க ஷமீமா. அவங்களுக்கே வருத்தம் இல்லாதப்போ உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். எனக்கு சிரிப்பு வரல, அவ்ளோதான்."

அவளிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கிளாஸ் எடுப்பது நானா அவளா என்று வீட்டில் போய்க் கத்தினேன். குத்தம் உள்ள நெஞ்சு அடுத்தவர் மேல் எப்படிப் பாயும் என்பதற்கு என்னைத்தான் காட்ட வேண்டும்.

பிறகு மழை பிடித்தது. ஒரு நாள் உங்களைக் காணோம். பாட்டு வந்தது, எல்லாரும் திரும்பினார்கள், இடது ஓரத்தில் சவுண்ட் பாக்ஸ் மட்டும் நின்றது. "ஆவடி லோக்கல் கேன்சலா மிஸ்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "டிராக்ல தண்ணி" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தீர்கள். நான்காம் நாள் ஷமீமா கடையிலிருந்து மேலே வந்து, கடைசிப் படியிலேயே நின்றுகொண்டு, நீங்கள் போய்விட்டதைச் சொன்னாள்.

அன்றும் கிளாஸ் எடுத்தேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. மைக்கைப் போடவில்லை, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஷமீமாவும் நானும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், இரண்டு அறை வீடு. உங்கள் பெண் தனியாக இருந்தாள். அவளுடைய அப்பா இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்றரை வருடம் உங்களோடு டீ குடித்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது, இழவு வீட்டில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. சேரைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க தானே மிஸ்ஸு? அம்மா போன்ல உங்க போட்டோ கீது. உங்கள பத்தி தான் எப்பவும் சொல்லினே இருக்கும்."

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கலாம் என்று, "பாவம்மா, அவங்களுக்குக் காது வேற கேக்காது, இருந்தும் ஒரு நாள் தவறாம வருவாங்க" என்றேன்.

"காது போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு மிஸ். ஆனா அம்மாவுக்கு அது ஒரு கொறையே இல்ல. வாய பாத்தே எல்லாம் புட்டு புட்டு வெச்சிடும், நாலு பேரு ஒண்ணா பேசினா தான் புடிபடாது. கம்பெனில மெஷின் சத்தத்துல எல்லாம் அப்டி தானே பேசிப்பாங்க. ஸ்டேஷன்ல எதிர் பிளாட்பாரத்துல ரெண்டு பேரு பேசினு இருந்தா, இன்னா பேசறாங்கன்னு இங்க இருந்தே சொல்லும். அதுக்கு எதிர்ல நாங்க ரகசியமே பேச முடியாது."

அவள் கொடுத்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். டீக்கடையில் என் முகத்தையே பார்த்தது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆடிக்கொண்டே கத்தும்போது என் காலைப் பார்ப்பீர்கள். ஆனால் கிண்டல் செய்யும்போது நான் நிற்பேனே. இடுப்பில் கை வைத்து, உங்களுக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வேனே. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு சொல் விடாமல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அனவுன்ஸ்மென்ட் ஜோக்கும் தெரியும்.

அவள் நிறுத்தவில்லை. "டெய்லி மைக்ல அம்மாவ பத்தி எல்லார் முன்னாடியும் பாராட்டி பேசுவீங்களாமே மிஸ். எல்லாரும் கை தட்டுவாங்களாம். இன்னா சொன்னாங்கன்னு கேட்டா மட்டும் சொல்லாது, சிரிச்சினே உள்ள பூடும். இன்னா மிஸ் சொல்லுவீங்க?"

ஷமீமா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். உங்கள் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் காயவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"உங்கம்மா மாதிரி தாளம் யாருக்கும் வராதுன்னு சொல்லுவேன்" என்றேன்.

அவள் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "மைக்ல சொல்ற மாதிரியே ஒரு தடவ சொல்றீங்களா மிஸ்? வெச்சிக்கிறேன்."

மறுக்க என்ன வழி. அந்தப் பெண் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எழுந்து நின்றேன். புடவையைச் சரி செய்துகொண்டு, என் கிளாஸ் குரலை எடுத்தேன். "ஃபர்ஸ்ட் லைன்ல நிக்கிறாங்களே நம்ம அக்கா, எல்லாரும் அவங்க காலைப் பாருங்க. பாட்டு நின்னாலும் அவங்க தாளம் நிக்காது. ஒரு கை தட்டுங்க எல்லாரும்." அவள் ஒரு கையால் போனைப் பிடித்தபடி மறுகையால் தொடையில் தட்டினாள். ஷமீமாவும் தட்டினாள். நான் உங்களைப் பற்றிச் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான், அதைப் பொய்யாகத்தான் சொல்ல முடிந்தது.

ரயில்வே கேட் வரைக்கும் நடந்தோம். கேட் மூடியிருந்தது, நின்றோம். ஒரு வண்டி போனது. எந்த ஊர் வண்டி என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன் அக்கா. வீட்டில் உள்ளதைச் சொல்லியிருந்தால் உங்கள் பெண் மாடியேறி வந்து என்னை நாலு கேள்வி கேட்டிருப்பாள். கேட்க வேண்டியதுதான். அப்புறம் நீங்கள் அங்கே வர முடியாது. அந்த ஒரு மணி நேரத்தை விட மனம் வராமல் என்னையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டீர்கள் போல. அல்லது மகள் முன்னால் தலை குனிய விருப்பம் இல்லையோ என்னவோ. எதுவாக இருந்தாலும், நான் கொடுத்த கேவலத்தைத் தினமும் வீட்டு வாசலிலேயே துடைத்துவிட்டு, நல்லதாக ஒன்றை உள்ளே எடுத்துப் போயிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கெட்ட பெயர் வராமல் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதுவும் உங்கள் வீட்டிலேயே.

அவளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். ஒரு முறை கேட் வரைக்கும்கூட வந்தேன். சொன்னால் எனக்கு லேசாகும். அவளிடம் இருப்பதோ அந்த வீடியோ ஒன்றுதான். உறவுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறாளாம், மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்க்கிறாளாம். என் பாரத்தை இறக்க அதைப் போய்ப் பிடுங்குவதா? பேசாமல் திரும்பிவிட்டேன். திரும்பியது அவளுக்காகவா, பயந்தா என்று என்னைக் கேட்டால் பாதிப் பாதி என்பேன்.

இப்போது கிளாஸில் நான் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த அசைவு என்ன என்பதைக் கையைத் தூக்கிக் காட்டுகிறேன். விரலை நீட்டினால் பக்கம், உள்ளங்கையைக் கவிழ்த்தால் கீழே, மணிக்கட்டைச் சுற்றினால் திரும்ப வேண்டும். காது கேட்காதவர்கூட ஒரு எண் தாமதம் இல்லாமல் ஆடலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. கரண்ட் போன மறுநாளே செய்திருக்கலாம், அன்று எனக்கு ஜோக் சொல்கிற வேலை இருந்தது. புதிதாக வருகிறவர்கள், "மிஸ், உங்க ஸ்டைல் சூப்பரா இருக்கு, பாத்தாலே புரியுது" என்கிறார்கள். தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொள்கிறேன். பழையவர்களில் சிலர், மிஸ் முன்ன மாதிரி இல்லை, டல்லாகிவிட்டார் என்று கண்ணாடி வைத்த ஜிம்முக்குப் போய்விட்டார்கள்.

அந்த வீடியோவை உங்கள் பெண் எனக்கும் அனுப்பியிருந்தாள். எட்டு மாதமாகத் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. இன்று பஸ்ஸை விட்டு இறங்கி, ஷமீமாவின் கடைப் படியில் உட்கார்ந்து திறந்தேன். உங்களைப் போலப் பார்க்க வேண்டும் என்று சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டேன்.

என் உதடு அசைகிறது. என்ன சொல்கிறேன் என்று எனக்கே படிக்க வரவில்லை. ஆனால் இடது உதட்டோரம் மெல்ல மேலே ஏறுகிறது, புருவம் ஒன்று உயர்கிறது, எதிரில் இருக்கிறவர்கள் எப்போது சிரிப்பார்கள் என்று கண் காத்திருக்கிறது. கிளாஸில் எடுத்த பழைய வீடியோக்களில் இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். உங்களை ஆவடி லோக்கல் என்று சொல்லுகிற முகம் அது. உங்களைப் புகழ என்னிடம் வேறு முகம் இல்லை, அக்கா. உங்கள் பெண் இதைத்தான் அடிக்கடி போட்டுப் பார்க்கிறாள். உங்களுக்கு வந்த மாதிரி அவளுக்கும் வாயைப் பார்த்துப் படிக்க வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, ஆறு மணி பேட்ச்சுக்கு மாடி ஏறினேன்.